கப்பல் என்ஜினுக்கு வெட்டிய காசு

உத்தமபாளையத்தைத் தாண்டி ஆற்றங்கரையோரமாகப் போகும் மண்பாதையில், கடலையே பார்க்காத ஜனங்களுக்கு நடுவில், ஒரு கப்பல் என்ஜின் இருந்தது. கப்பல் என்பது ஊரார் கொடுத்த பட்டம். உள்ளதைச் சொன்னால் அது தூத்துக்குடியில் உடைத்துப் போட்ட ஒரு மீன்பிடி விசைப்படகின் டீசல் என்ஜின். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஏசுதாசன் அதை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து, மேட்டிலிருக்கும் தன் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகக் கரையில் கான்கிரீட் போட்டு உட்கார வைத்திருந்தார். படகு என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. பக்கத்தில் இருக்கிற தண்ணீரைத் தானே இழுத்துத் தன்னைக் குளிரவைத்துக் கொள்ளும். ஆற்றோரத்துக்கு இதைவிடத் தோதான மிஷின் வேறென்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை, அது நன்றாகத்தான் ஓடியது.

அதற்கு டிரைவர் அம்மாவாசி. காலையில் செல்ஃப் போட்டு என்ஜினை எழுப்புவது, ஆயில் பார்ப்பது, டீசல் ஊற்றுவது, சாயங்காலம் அணைப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் அவன் நடையைப் பார்த்தால் கொழும்புக்கும் கொச்சிக்கும் கப்பல் விட்டுவிட்டு இப்போதுதான் கரையேறினவன் மாதிரி இருக்கும். டீக்கடையில் அவனை "கேப்டன்" என்று கூப்பிட்டார்கள். அது கேலி என்று அந்தக் கடையில் தெரியாத ஒரே ஆள் அவன்தான். என்ஜின் ஷெட்டை ஒட்டி ஏசுதாசன் கட்டிக்கொடுத்த ஒற்றை அறையில் அவனும் அவன் பெண்டாட்டி பஞ்சம்மாளும் குடியிருந்தார்கள். அந்த வேலை போனால் அறை போகும், அறை போனால் பேரும் போகும். இந்தக் கரையில் டீசல் என்ஜின் வைத்திருக்கிற எந்தத் தோட்டக்காரரும் அப்புறம் அவனை வாசலில் நிறுத்த மாட்டார்.

ஏசுதாசனுக்கு மிஷினில் பொட்டு வைப்பது பிடிக்காது. எண்ணெய் போட்டால் ஓடும், பொட்டு வைத்தால் ஓடாது என்பார். அவர் சர்ச்சுக்குப் போகிற மனுஷர், அது அவர் வழி. ஆயுத பூஜைக்கு லீவு மட்டும் கொடுத்துவிடுவார். வருஷா வருஷம் அம்மாவாசி அவருக்குத் தெரியாமல் என்ஜினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுநாள் விடியும் முன்னே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடுவான். ஈரத்துணியால் அவனே பார்த்துப் பார்த்துத் துடைப்பதுதான் வழக்கம்.

இந்த வருஷம் அவனுக்கு அவசரம். கம்பத்தில் கூட்டாளிகள் கிடாய்க்கறி போட்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே பஞ்சம்மாளிடம் சொன்னான்.

"நான் வர்றதுக்குள்ள என்ஜினைக் குளுப்பாட்டி வையி. உச்சியில இருந்து மஞ்சத்தண்ணியா ஊத்தி ஊத்திக் கழுவு. ஒரு பொட்டுக் கரி இருக்கப்படாது, பாத்துக்க."

பஞ்சம்மாளுக்கு என்ஜினைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதுதான் தங்களுக்குச் சோறு போடுகிறது என்பது மட்டுமே. சோறு போடுகிற சாமியைக் குளிப்பாட்டுவதில் அவள் கஞ்சத்தனம் காட்டவில்லை. குடம் குடமாக மஞ்சள் கரைத்தாள். ஏணி வைத்து ஏறினாள். புகைக்குழாய் உச்சியில் மழைத்தண்ணீர் இறங்காமல் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினாள். டப்பா இருந்த இடத்திலும் கரி அப்பியிருந்தது. அங்கேயும் ஊற்றிக் கழுவினாள். பிறகு டப்பாவைப் பழையபடி கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தாள். அவளுக்கே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மத்தியானம் திரும்பி வந்த அம்மாவாசி, கல்யாணப் பெண்ணைப் பார்த்தவன் மாதிரி வாயெல்லாம் பல்லாக நின்றான். பெண்டாட்டியை அவன் பாராட்டியது அபூர்வம், அன்றைக்குப் பாராட்டினான்.

லீவு முடிந்து செல்ஃப் போட்டபோது என்ஜின் 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் டக். பேட்டரியைத் திட்டினான், வேறு பேட்டரி மாட்டினான், அதிலும் விடாமல் செல்ஃப் போட்டு இடித்தான். அப்புறம் சக்கரத்தைக் கடப்பாரை கொடுத்து நெம்பினான். அசையவில்லை.

கம்பத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒன்றையும் கழற்றவில்லை. சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார், கையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறான், பிஸ்டன் கடித்துவிட்டது, இந்தக் கப்பல் என்ஜினுக்கெல்லாம் நான் கை வைக்க மாட்டேன் என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். போகிற போக்கில் ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்திருக்காது.

ஏசுதாசன் சத்தம் போடுகிறவர் அல்ல. சத்தம் போட்டிருந்தால் அம்மாவாசிக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தூத்துக்குடியிலிருந்து படகு மெக்கானிக் ஜெபமணி வந்து பிரித்துப் பார்க்கட்டும், அவன் வாயால் ஆயில்தான் என்று சொன்னால் அன்றைக்கே அறையைக் காலி பண்ணிவிட வேண்டும் என்றார். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், மேட்டில் புதிதாக வைத்த திராட்சைக் கன்றுகளுக்குக் குடத்தில் சுமந்து ஊற்று என்றார். என்ஜின் ஏற்றிய தண்ணீரை இப்போது கேப்டன் தன் தலையில் சுமந்து ஏற்றினார். டீக்கடைக்காரர்கள் இதைப் பார்க்கவென்றே பாதை மாறி நடந்தார்கள். "கேப்டன், கப்பல் எந்தத் துறைமுகத்துல நிக்குது?" என்று கேட்டார்கள். கேலியென்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

இதற்கு நடுவில், என்ஜின் சரியானால் சாவியைப் பக்கத்துத் தோட்டத்துக் கரண்ட் மோட்டார் பார்க்கும் விஜய்பாண்டியிடம் கொடுக்கலாமா என்று ஏசுதாசன் யோசிக்கிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அம்மாவாசிக்கு அது போதும். ஆயில் சரியாக இருந்தது என்று அவனுக்குத் தெரியும், அவன் தினமும் பார்த்தவன். அப்படியானால் யாரோ எதையோ போட்டிருக்க வேண்டும். பீடி பற்ற வைக்க ஷெட்டுக்கு வந்து போகிறவன் யார்? விஜய்பாண்டி. சாவி யாருக்குப் போகப் போகிறது? விஜய்பாண்டிக்கு. ஆற்று மணலை அள்ளி என்ஜினுக்குள் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினான். அவனைத் தூண்டிவிட்ட ஆளும் ஒருத்தன் இருப்பான் என்று பஞ்சம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

போலீசுக்குப் போக அத்தாட்சி இல்லாதவர்கள் போகிற இடம் ஒன்று அந்தக் கரையில் உண்டு. ஆற்றோரக் கருப்பசாமி. அங்கே போய்க் காசு வெட்டிப் போட்டால், கெடுதல் செய்தவன் யாரென்று நமக்குத் தெரியாவிட்டாலும் சாமி தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அம்மாவாசி ஷெட்டிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான். பூசாரி முதலிலேயே முறையைச் சொன்னார். காசு வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் அதற்கப்புறம் தண்ணீர் புழங்கக் கூடாது. ஒருத்தர் கையால் இன்னொருத்தர் ஒரு மடக்குக் குடிக்கக் கூடாது. வெட்டியதை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும், நடந்தது என்னவென்று வெட்டினவன் தன் வாயால் சாமி முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு வழி கிடையாது. அதனால் யோசித்து வெட்டுங்கள் என்றார்.

யோசிப்பதற்கு அவனிடம் நேரம் இல்லை. ஒரு ரூபாயைக் கல்மேல் வைத்து உளியைப் பொருத்தி ஓங்கி அடித்தான்.

"செஞ்ச கை சூம்பிப் போகணும். செய்யச் சொன்ன வாய் கோணிப் போகணும்."

பஞ்சம்மாள் பக்கத்தில் நின்று, அப்படியே ஆகட்டும் சாமி என்று தலைக்குமேல் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். இரண்டாகப் போன காசை அவளே பொறுக்கி, அவள் கையாலேயே சாமி காலடியில் போட்டாள். பொம்பிளை கையால் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று அம்மாவாசிதான் சொன்னான்.

கொஞ்ச நாளில் விஜய்பாண்டி பைக்கிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். மழை பெய்த ரோட்டில் வழுக்கி விழுவது இந்தப் பக்கத்தில் புதுசா என்ன? ஆனால் அம்மாவாசிக்கு அது ரோடு செய்த காரியமாகத் தெரியவில்லை. கட்டுப் போட்டுக் கிடந்தவனை வீட்டுக்கே போய்ப் பார்த்தான். ரொம்ப வலிக்குதா என்று கேட்டான். எந்தக் கை என்று, கண்ணெதிரே கட்டு தெரிந்தும், கேட்டான். காசு வெட்டிய சேதி ஊருக்கே தெரியும். விஜய்பாண்டி அழுதுவிட்டான். எம்புள்ளை மேல சத்தியமா அந்த மிஷினை நான் தொடலண்ணே என்றான். அவன் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒங்க வீட்டுத் தண்ணி எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். இப்படி ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு கல் நெஞ்சு வேண்டும். அன்றைக்கு வீட்டில் நாட்டுக்கோழி அடித்தார்கள். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பஞ்சம்மாள் அவனுக்கு ஈரலைத் தேடித் தேடி வைத்தாள்.

ஒரு வழியாக ஜெபமணி வந்து சேர்ந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் படகு என்ஜின்களோடு உருண்டு புரண்டவர், ஏசுதாசனுக்குச் சர்ச்சு வழிப் பழக்கம். வெற்றிலைப் பை இடுப்பில், நக்கல் நாக்கில். எந்த என்ஜினையும் சரிபண்ணுவார், எந்த மனுஷனையும் நோகடிப்பார், இரண்டிலும் அவருக்குச் சமமான ருசி. அம்மாவாசியைப் பார்த்ததும், "கடல்ல போற மிஷினை ஆடு மேய்க்கவன் கையில குடுத்தா இப்படித்தான் அண்ணாச்சி" என்று ஏசுதாசனிடம் சொல்லிவிட்டுத்தான் சட்டையையே கழற்றினார்.

ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் முழுசாக இருந்தது. அம்மாவாசி ஆசையோடு முகத்தைப் பார்த்தான். நின்ன பிறகு ஊத்தி வச்சிருப்பான் கள்ளன் என்றார் ஜெபமணி. மேலே டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தார். மறுநாள் சக்கரத்தில் கடப்பாரை கொடுத்து இரண்டு பேரும் தொங்கினார்கள். ஒரு விரல்கடை நகர்ந்து நின்றுவிட்டது. சரி, மண்டையைத் திறந்துதான் பார்க்கணும் என்று ஹெட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஏசுதாசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நட்டாகக் கழன்றபோதும் அம்மாவாசி எட்டி எட்டிப் பார்த்தான். ஆயில் இல்லாமல் ஓடிய என்ஜினென்றால் பிஸ்டன் உரசிய இடமெல்லாம் நகம் போட்டுக் கீறினது போலக் கோடு கோடாக இருக்கும் என்று ஜெபமணி சொல்லியிருந்தார். அந்தக் கோடு தெரிந்தால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஹெட் வந்தது. முதல் சிலிண்டர் சுத்தம். இரண்டாவதில் பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது. அதைச் சுற்றி வளையமாகத் துரு. ஜெபமணி டார்ச் அடித்து உள்ளே விரலை விட்டுச் சுற்றினார். கோடு இல்லை.

"கடிக்கல அண்ணாச்சி. தண்ணி நின்னு துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு. காத்துன்னா அமுங்கும், தண்ணி அமுங்காது. தண்ணி நிக்கது தெரியாம இவன் செல்ஃபைப் போட்டு இடிச்சிருக்கான், அதுல பிஸ்டன் ராடு வளைஞ்சிருக்கு. ஆயிலைப் பொறுத்தவரைக்கும் இந்தப் பய மேல குத்தமில்ல."

அம்மாவாசிக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், மனுஷன் நிறுத்தவில்லை. நான் சொல்லல மொதலாளி, அந்த விஜய்பாண்டிப் பயதான் தண்ணியை ஊத்திருக்கான், சாமி கையை முறிச்சும் புத்தி வரல அவனுக்கு, போலீசுல புடிச்சுக் குடுங்க என்று குதித்தான். பக்கத்து அறை வாசலில் உலை வைத்துக்கொண்டிருந்த பஞ்சம்மாளுக்கும் அது கேட்டது. அவளும் அந்த நாசமாய்ப் போனவனை இரண்டு வார்த்தை திட்டினாள்.

ஜெபமணி இந்தக் கூத்தைக் கவனிக்கவில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கேஸ்கெட் நன்றாக இருந்தது, எங்கும் விரிசல் இல்லை. ஆற்றுத் தண்ணீர் என்றால் வண்டல் இருக்கும், அதுவும் இல்லை. புகைக்குழாயைக் கழற்றி, வளைகிற இடத்தில் தட்டினார். கரியோடு கரியாகக் களிம்பு மாதிரி ஏதோ கட்டியாக விழுந்தது. வெள்ளைத் துணியில் வைத்துத் துடைத்தார். கரிக்கு அடியில் மஞ்சளாக ஓர் ஓரம் தெரிந்தது.

அது துருதானே என்றார் ஏசுதாசன்.

ஜெபமணி துணியை விரித்துப் பிடித்தார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு அந்த மஞ்சளின் மேல் வைத்துத் தேய்த்தார். துணி சிவந்தது. ஆரத்தித் தட்டில் சிவக்குமே, அதே சிவப்பு.

"மஞ்சத்தண்ணி" என்றார் ஜெபமணி. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மிஷினுக்குச் சடங்கு சுத்தினது யாரு அண்ணாச்சி?"

அம்மாவாசி அந்தச் சிவப்பையே பார்த்தான். புகைக்குழாய் பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்தான். அது இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. ஏணியும், குடமும், கம்பத்துக் கறியும், உச்சியில இருந்து ஊத்து என்று தான் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கருப்பசாமி காலடியில் கிடக்கும் இரண்டு துண்டுக் காசும் ஞாபகம் வந்தது.

ஏசுதாசன் நாற்காலியை விட்டு எழுந்தார். என் இடத்தில், எனக்குத் தெரியாமல், யார் இந்த வேலையைச் செய்தது என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

இந்த இடத்தில் ஓர் ஆம்பிளை சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. நான்தான் செய்யச் சொன்னேன். அதைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அறை போயிருக்கும், பெண்டாட்டி இருந்திருப்பாள்.

"நான் இல்ல மொதலாளி" என்றான் அம்மாவாசி. "நான் அன்னைக்கு இங்கன இல்லவே இல்ல, கம்பத்துல இருந்தேன். எம்பொஞ்சாதிதான். புத்தி கெட்ட சிறுக்கி, அவளா ஏறி ஊத்திருக்கா."

கூப்பிட்டார்கள். பஞ்சம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சிவந்த துணியைக் காட்டி ஏசுதாசன் கேட்டார். அவள் முதலில் துணியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். மிச்சத்தை அவன் சொல்லுவான் என்று நின்றாள். அவன் கழற்றி வைத்த நட்டுகளை எண்ணெயில் கழுவுவதில் மும்முரமாக இருந்தான்.

"ஆமாங்க. நாந்தான் ஊத்துனேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தொழில் அந்த வீட்டில் ஒருத்தருக்குத்தான் கைவந்திருந்தது.

ஏசுதாசன் தீர்ப்பை அப்போதே சொன்னார். அம்மாவாசி மேல் தப்பில்லை, அவன் இருக்கலாம், சாவி அவனுக்கே. அந்தப் பொம்பிளை மட்டும் இனி இந்த ஷெட் பக்கம் இருக்கக் கூடாது. என்ஜின் ஓடுகிற அன்றைக்கு அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். ஷெட்டை ஒட்டின அறையில் அவள் குடியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அம்மாவாசிக்கும் தெரியும். சரிங்க மொதலாளி என்றான்.

வேலை பல நாள் நடந்தது. பிஸ்டனைத் தட்டித் தட்டிக் கீழே இறக்கினார்கள். வளைந்த ராடை எடுத்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து வந்த வேறொன்றை மாட்டினார்கள். சிலிண்டருக்குள் துருவைத் தேய்த்து வழவழப்பாக்கி, புது ரிங் போட்டார்கள். அத்தனை நாளும் பஞ்சம்மாள் ஜெபமணிக்குச் சோறு பொங்கிப் போட்டாள். அம்மாவாசிக்குப் போடவில்லை. அடுப்பு, சட்டி, அரிசி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, வேண்டுமானால் அவனே பொங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். குடத்திலிருந்து மொண்டு கொடுக்கிற தண்ணீரும் கிடையாது. அவன் வந்தால் குடத்தை விட்டு நகர்ந்துகொள்வாள். வீம்பு பிடிக்கிறாள், தானாக வழிக்கு வருவாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் என்ஜினைப் பூட்டி முடித்த அன்று காலையில், சும்மா வேடிக்கை பார்க்க ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஜெபமணிக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது, விடுவாரா? மூட்டை கட்டிக்கொண்டிருந்த பஞ்சம்மாளை வெளியே கூப்பிட்டார்.

"ஆத்தா, ஒரு குடம் மஞ்சத்தண்ணி கொண்டாயேன், ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுதாசன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அம்மாவாசியும் சிரித்தான். கையில் சாவி வந்துவிட்ட சந்தோஷத்தில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். பஞ்சம்மாள் சிரித்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு அவன் ஒருத்தனை மட்டும் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

செல்ஃப் போட்டான். புகைக்குழாய் ஒரு தடவை கரியைத் துப்பியது, பிறகு என்ஜின் பழைய தாளத்துக்கு வந்தது. மேட்டில் குழாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. கேப்டன் கேப்டன் என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். அம்மாவாசி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, வேர்வையைத் துடைத்தபடி அறைக்குள் போனான். பழக்க தோஷத்தில், தாகமா இருக்கு, ஒரு செம்புத் தண்ணி குடு என்றான்.

பிறந்த ஊருக்குப் போக ஆண்டிபட்டி பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்ற பஞ்சம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். குடத்தைத் தொடவில்லை.

"இந்தக் கைக்குத்தான காசு வெட்டிப் போட்டீக? இந்தக் கையாலதான அதப் பொறுக்கிப் போட்டேன். நமக்குள்ள இனித் தண்ணி புழக்கம் ஆகாது."

தெரியாமல் நடந்ததற்கு இப்படிப் பேசலாமா, போகிற நேரத்தில் வம்பு வளர்க்காதே என்று அவன் முணுமுணுத்தான். விஜய்பாண்டி வீட்டுச் செம்பு அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"செஞ்ச கைன்னு மட்டுமா சொன்னீக?" என்றாள். "செய்யச் சொன்ன வாயின்னும் சேத்துத்தான சொன்னீக. என் கைக்கு என்ன வந்தாலும் வந்துட்டுப் போகுது. ஒங்களுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது. மொதலாளிகிட்டச் சொல்ல வேணாம். என்னைய பஸ் ஏத்தப் போற வழியில கோயிலுக்குப் போவோம். பூசாரி சொன்ன மாதிரி, நாந்தான் ஊத்தச் சொன்னேன்னு சாமி முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க. நானும் பக்கத்துல நிக்கேன். அது போதும்."

அம்மாவாசி வாசலைப் பார்த்தான். கோயில் என்றால் பூசாரி இருப்பார். பூசாரிக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரிந்தால் தேனி பஜாருக்குத் தெரியும். இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சொல்லுவதா வேண்டாமா என்று அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷெட்டிலிருந்து ஏசுதாசன் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவன் வாய்க்கு ஒரு குறையும் வந்திருக்கவில்லை. கோணாமல், குளறாமல், நன்றாகத்தான் பேசியது.

"இந்தா வந்துட்டேன் மொதலாளி" என்றான்.